ரிவ்காவுக்கு நான் படித்துக் காட்டிய காகிதம்

டேய் சாமு,

போன வாரம் மூன்றாவது தடவையாகக் கேட்டாய்: "மாடி ஆன்ட்டிக்குக் கல்யாணப் பத்திரிகை குடுத்துட்டீங்களாப்பா? ஃபர்ஸ்ட் பத்திரிகை அவங்களுக்குத்தான்னு சொன்னேன்ல?" மூன்றாவது தடவையாக நானும் பொய் சொன்னேன். ஆன்ட்டி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கொடுக்கிறேன் என்றேன். மாடியில் யாரும் இல்லை. ரிவ்கா அம்மா வீட்டைக் காலி செய்து பதினாறு நாள் ஆகிறது. அவர் பிள்ளை ஆசேர் செத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று நானே அவரிடம் சொன்னேன், அதனால் போனார். இதைப் போனில் உன்னிடம் சொல்ல முடியாது. பாதியில் ஒரு ஜோக் அடித்துவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், விஷயம் அதோடு கரைந்துவிடும். அறுபது வருஷமாக நான் தப்பித்து வந்திருப்பது அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள். டீச்சரான உன் அம்மாவைத் திருத்தித் தரச் சொன்னேன். "நான் கை வெச்சா அது நல்லாயிடும். இது நல்லா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். இதைப் படித்து முடித்த பிறகு, உன் கல்யாணத்தில் நான் உட்காரலாமா கூடாதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தம்மாவும் பதினாலு வயதுப் பையனும் இரண்டு பையோடு நம் கேட்டில் வந்து நின்ற நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது பிளஸ் டூ. மணிப்பூர் மலைப்பக்கம் ஏதோ கலவரத்தில் அவர்கள் வீட்டை எரித்துவிட்டார்கள். தகப்பன் முன்னமே காய்ச்சலில் போய்விட்டான். குரோம்பேட்டை பார்லர் ஒன்றில் அந்தம்மாவுக்குப் புருவம் திருத்தும் வேலை கிடைத்திருந்தது. சேலையூரில் மூன்று வீட்டில் 'இவங்க இன்னாத்த சமைப்பாங்களோ' என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் வீடு கொடுத்தேன். சர்ச்சில் அதைக் கருணை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், மாடி பாத்ரூம் ஒழுகுவது தெரிந்த எவனும் அங்கே குடிவர மாட்டான். அவர்கள் யூதர்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பைபிளில் படித்த, இஸ்ரவேலில் தொலைந்துபோன மனாசே கோத்திரம் நம் மாடியில் வாடகைக்கு! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "வண்டலூர் ஜூவுலயாவது டிக்கெட் வாங்கறாங்க" என்றாள் உன் அம்மா. அந்தப் பையனுக்கு 'நூடுல்ஸ்' என்று பெயர் வைத்தது யார்? நீ இல்லை, தெருப் பையன்கள் இல்லை. நான். அவன் சிரித்தான். சிரித்தால் அனுமதி கொடுத்த மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். உனக்கு ஒரு மனைவி வருகிறாள். அவள் சிரிப்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதே. போக வேறு இடமில்லாதவர்கள் நிறையச் சிரிப்பார்கள்.

சனிக்கிழமை மோட்டார் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். சுவிட்சைத் தொடமாட்டார்கள், போனை எடுக்கமாட்டார்கள். எனக்காக நீ செய் என்று அடுத்தவனைக் கேட்கவும் கூடாதாம். ஆனால் கை கால் கழுவத் தண்ணீர் வேண்டுமே. ஆசேர் பாதிப் படி இறங்கி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்கிள், டேங்க்ல தண்ணி இல்ல" என்பான். "அதுக்கு இன்னாடா இப்ப?" என்பேன். "சும்மா சொன்னேன் அங்கிள்" என்று மேலே போய்விடுவான். நான் எழுந்துபோய் மோட்டார் போடுவேன். "உங்க கடவுள் ஈ.பி. மீட்டரையெல்லாமாடா பார்த்துக்கினு இருக்காரு?" என்று மேலே பார்த்துக் கத்துவேன். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இப்படி ஐந்து வருஷம். கேட்காமல் கேட்பதைப் புரிந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

பத்தொன்பது வயதில் அவனுக்கு இஸ்ரேல் போக அனுமதி வந்தது. அவன் அம்மாவின் பேப்பரில் மட்டும் ஏதோ குறை. அடுத்த பட்டியலில் வாருங்கள் என்றார்கள். ஏர்போர்ட்டில் நீ அவனைக் கட்டிக்கொண்டு, "மச்சான், என் கல்யாணத்துக்கு நீ இல்லன்னா நான் தாலி கட்ட மாட்டேன்டா" என்றாய். அவன் அங்கே போய்க் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தான். சொந்த ஜனத்தோடு சேரப்போகிறோம் என்று போனவனை அங்கேயும் சைனாக்காரன் என்றுதான் கூப்பிட்டார்களாம். "ஆர்மி டிரஸ் போட்டா எவனும் அப்படிச் சொல்லமாட்டான் அங்கிள்" என்று என்னிடம் சொன்னான். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். உன்னிடம் அவன் எப்போதும் கெத்தாகவே இருக்க நினைத்தான்.

ஒருநாள் என் போனுக்குத் தனியாகக் கூப்பிட்டான். "அங்கிள், அம்மாக்கு ஒரு பேப்பர் வரும். நான் ஒரே பையன்ல? சண்டை போடற யூனிட்டுக்குப் போகணும்னா அம்மா கையெழுத்து வேணும். இல்லன்னா ஆபீசு, ஸ்டோருன்னு எங்கயாவது உக்கார வெச்சிருவாங்க. பேப்பர் இங்கிலீஷ்ல இருக்கும். அம்மாக்குப் புரியாது. நீங்கதான் படிச்சு சொல்லணும்."

"இருக்கறத அப்படியே படிச்சா போடமாட்டாங்கடா."

"தெரியும் அங்கிள்." அப்புறம், "சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டான்.

பொய் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை, சாமு. டேங்கில் தண்ணீர் இல்லை என்று மட்டும்தான் சொன்னான். மோட்டார் போட்டது நான்.

ஏன் போட்டேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கண்பார்வையால்தான் ஏர்ஃபோர்ஸில் என்னை எடுக்கவில்லை என்று நீ சின்னப் பையனாக இருந்ததிலிருந்து சொல்லி வந்தேன் அல்லவா? கண் நன்றாகத்தான் இருந்தது, அது உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் கேட்டுக்கு முன்னால் பனியனைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றேன். என் மார்பு அளவு பத்தவில்லை. "இன்னும் இழு, மூச்சை இழு" என்று டேப் வைத்திருந்தவன் சொல்லச் சொல்ல, இழுத்து இழுத்து இருமல் வந்ததுதான் மிச்சம். வரிசையே சிரித்தது. அப்புறம் முப்பது வருஷம் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். நட்டுக்கும் போல்ட்டுக்கும் ரசீது. நான் பட்ட பெரிய காயம் ஸ்டேப்ளரால். நம் வீட்டு மாடியிலிருந்து ஒரு பையன் துப்பாக்கியோடு, அதுவும் பைபிள் நாட்டில், என்று நினைத்தபோது இந்த வற்றல் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்தம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சர்ச் ஆண்கள் கூட்டத்தில் சொல்லியும்விட்டேன்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்த காகிதத்தோடு மாடிக்குப் போனேன். அவர்கள் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள் என்பதால் அந்தம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். அர்த்தம்தான் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, வாய்விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார். 'காம்பட்', அதாவது சண்டை, என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது இன்னா அங்கிள்?"

"அது அவனுக்குக் குடுக்கற வேலைம்மா. ஸ்டோர்."

"ஸ்டோர்னா?"

"நான் முப்பது வருஷம் பார்த்தேனே, அதேதான். சட்டை, பூட்ஸ், சோப்பு எல்லாம் எடுத்துக் குடுக்கறது. தொப்பை போடும். வேற ஆபத்து ஒண்ணும் கிடையாது."

அவர் சிரித்தார். பையன் போன பிறகு அந்த அளவுக்குச் சிரித்து நான் பார்க்கவில்லை. "நூடுல்ஸ்க்கு தொப்பை!" என்று தானே சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் வைத்த பெயரைப் பெற்றவளும் எடுத்துக்கொண்டாளே என்று அப்போது எனக்குச் சந்தோஷம். கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. அதில் நானும் போட்டேன், ஸ்டோர் பில்லில் போடுகிற அதே நீட்டல், அதே சுழியோடு.

அதன் பிறகு அவன் இரண்டு விதமாகப் போட்டோ அனுப்பினான். அம்மாவுக்குச் சாப்பாட்டு மேஜை, பூனைக்குட்டி, கடற்கரை. எனக்குத் துப்பாக்கி. அதை நான் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எத்தனை பேர் கை கூப்பினார்கள், எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். போர் தொடங்கினபோது அந்தம்மா, "ஸ்டோர் எல்லாம் பின்னாடிதான இருக்கும் அங்கிள்?" என்று கேட்டார். "ரொம்பப் பின்னாடிம்மா" என்றேன். அப்புறம் அவன் குரல் பதிவு ஒன்று வந்தது. அது இன்னும் என் போனில் இருக்கிறது. "அங்கிள், ஒரு ஊருக்குள்ள வந்துகிறோம். வூடெல்லாம் எரிஞ்சு கீது. ஒரு வூட்டு சமையல் ரூம்ல குக்கர் மட்டும் அப்படியே கீது. எங்க வூடு எரிஞ்சப்பவும் அம்மா குக்கரைத்தான் தேடி எடுத்தாங்க. இந்த வூட்டம்மா எங்க போனாங்கன்னு தெரியல. யாரைக் கேட்டாலும் சொல்லமாட்டேங்கறாங்க. எனக்கு ஒரே பேஜாரா கீது அங்கிள். நான் வந்தது தப்போ? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." அந்தப் பிள்ளை என்னிடம்தான் அப்படிக் கேட்டது, சாமு. வேறு யாரிடமும் கேட்கவில்லை. நான் ஒரு கட்டைவிரல் படமும் 'பி பிரேவ் மை பாய்' என்பதும் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு வீரம் ஜாஸ்தி.

நாலாம் நாள் சனிக்கிழமை. காலை பத்தரைக்கு ஏதோ வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு. அந்தம்மா சனிக்கிழமை போனை எடுக்கமாட்டார் என்று இரண்டாவது எண்ணாக என்னுடையதைக் கொடுத்திருந்தான். "நீங்கள் குடும்பத்தாரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவன் இருந்த கட்டடம் இடிந்து விழுந்ததாம். உடல் கிடைத்துவிட்டதாம். அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். மேலே அவர் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். ஓய்வுநாள், பொழுது சாயட்டும், அதுவரைக்கும் அந்தம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா பீர்க்கன்கரணையில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு மணி இருக்கும். படியில் காலடி. பையன் இஸ்ரேல் போனதிலிருந்து அவரேதான் வந்து சொல்வார். பாதிப் படியில் நின்று, சுவரைப் பார்த்து, "அங்கிள், டேங்க்ல தண்ணி இல்ல" என்றார். நான் எழுந்தேன். மோட்டார் போட்டேன். அது மட்டுமா? பழக்கதோஷத்தில், "இந்த மாசம் ஈ.பி. பில்லை உங்க கடவுளுக்கே அனுப்பறேன்மா" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மேலே போனார். பிள்ளை செத்து ஒருநாள் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்ததும் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மறுநாள் பெங்களூரிலிருந்து நீ வந்தாய், மிக்ஸி மேல் சாய்த்து வைத்த போனில் அந்தப் பெட்டி குழிக்குள் இறங்குவதை நாம் எல்லாரும் பார்த்தோம். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு அப்பா மாதிரி இருந்தீங்கப்பா" என்று அழுதாய். வேண்டாம்டா என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இது நடந்து ஒன்றேகால் வருஷம். இத்தனை நாளும் அந்தம்மா வாயில் ஒரே கேள்வி. "ஸ்டோர்ல இருந்தவன யாரு அங்கிள் சண்டைக்கு அனுப்புனது? என்னை ஏமாத்தி அனுப்பியிருக்காங்க." பார்லரில் வருகிறவர்களிடம் கேட்டார். உன்னிடமும் கேட்டார், நீயும், "அநியாயம் ஆன்ட்டி, கேஸ் போடலாம்" என்றாய். போன மாதம் அவருக்கு அனுமதி வந்துவிட்டது. அங்கே போய் அதிகாரிகளைப் பார்த்துக் கேட்கப் போகிறேன், அவர்கள் ஏமாற்றினதை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடமே வந்தார். "நீங்கதான அங்கிள் சாட்சி" என்றார். நான் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, அரைப் பக்கம் நன்றாகவே ஓடியது. அநியாயம், வஞ்சனை என்றெல்லாம் அகராதி பார்த்துப் போட்டேன். நடுவில்தான் உறைத்தது: அங்கே யாரோ ஒரு பெண் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவாள். இது உங்கள் கையெழுத்துதானே அம்மா என்று கேட்பாள். முன்பின் தெரியாத ஊரில், பிள்ளையைப் புதைத்த ஊரில், தன் கையாலேயே அனுப்பிவைத்ததை இவர் அங்கே தெரிந்துகொள்வார். அதற்குமுன் என் வாயால் தெரியட்டும் என்று தோன்றியது. நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. மாட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

சொன்னேன். நம் ஹாலில்தான். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அழவில்லை. மூன்றே கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு ஸ்டோர்னு சொன்னப்ப, அது சண்டைன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

"சாட்சி போட்டப்ப?"

"தெரியும்."

"சனிக்கிழமை மோட்டார் போட்டப்ப?"

அது அவருக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. "தெரியும்மா" என்றேன்.

"நான் சிரிச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஆசேர் நேராகப் பொய் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் அவனுக்கு அதுதான் ஆசை என்று ஆரம்பித்தேன். "செத்த புள்ள மேல போடாதீங்க" என்றார். சமையலறையில் உன் அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்: "அந்த ஏர்ஃபோர்ஸ்காரன் உங்க நெஞ்சை சரியாத்தான் அளந்திருக்கான்." அன்றிலிருந்து சோறு வைக்கிறாள். இந்தக் கடிதத்தைத் திருத்தக் கேட்டபோது சொன்னதைத் தவிர, பேச்சு வைப்பதில்லை.

இரண்டு நாளில் அந்தம்மா கோவிலம்பாக்கத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அறைக்குப் போய்விட்டார். அடுத்த மாதக் கடைசியில் விமானம். ஆட்டோவில் பையை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "சாமுக்கு எழுதுங்க. நீங்களே எழுதுங்க, எல்லாம் எழுதுங்க. அவன் எனக்குப் படிச்சு காட்டட்டும். எனக்குத் தமிழ் படிக்க வராது. கேட்டா புரியும்" என்றார்.

"நானே நேர்ல வந்து படிச்சு..."

"நீங்க படிச்சா நான் நம்பமாட்டேன்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "கல்யாணத்துக்கு நான் வரணுமா, நீங்க வரணுமான்னு சாமுவே சொல்லட்டும். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இல்ல" என்றார். உன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆசேர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, அது எனக்குத் தெரியும். கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அப்பா என்பதற்காக என்னைத் தேர்ந்தெடுக்காதே. அப்பா மாதிரி என்று இன்னொருவன் என்னைத் தேர்ந்தெடுத்தான், அவன் கதை மேலே இருக்கிறது.

அவர் புது எண் உன் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடம் கொடுக்கவில்லை. வெள்ளி சாயங்காலத்துக்கு முன்னால் கூப்பிடு. முதல் வரியிலிருந்து படி. நூடுல்ஸ் என்று வருகிற இடம், ஜூ என்று வருகிற இடம், அந்தக் குக்கர், நான் அடித்த ஜோக், எதையும் விடாதே. அந்தக் குரலைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. அவர் அதைக் கேட்பது உன் வாயிலிருந்துதான். நடுவில் அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போகும். பாவம், இதை எதற்கு இப்போது சொல்ல வேண்டும், நாலு வரியைத் தாண்டிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். நீ நல்ல பிள்ளை, கட்டாயம் தோன்றும். அந்த நினைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சாமு. கருணை மாதிரியேதான் இருக்கும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்படிக்கு,
அப்பா